ஸம்ஹாவுக்கு ஒரு கட்டு இலை

பாபா,

போன மாதம் மகள் குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. எல்லோருமாக எங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகுத் துறைக்குப் போனோம். அங்கே பச்சை நிறத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். நான் அதன் முன்னால் நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டி, "இலைகளைப் பறிக்காதீர்கள்" என்று உரக்க வாசித்து முடித்தேன். படகில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெரியவரே, யாரும் பறிக்கல. ஏறுங்க, தண்ணி வத்திரப் போவுது" என்றார் படகுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். எழுபத்தோரு வயதில் ஒரு பலகை முதல்முறையாக என்னிடம் பேசியிருக்கிறது, எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

படகு கால்வாய்க்குள் திரும்பியபோது ஒரு கிளை முகத்தில் உரசியது. இலையின் உப்பு உதட்டில் பட்டது. என் சிரிப்பு அதோடு நின்றது. உங்கள் நினைவு வந்துவிட்டது.

ஒன்பது நாட்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதியோருக்கான மாலை வகுப்பில் நான்தான் மூத்தவன். கை மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஓடுகிறது பாபா, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். தமிழில் எழுதுவதை நீங்கள் எப்படி வாசிப்பீர்கள் என்று மகள் கேட்டாள். அரபியில் எழுதினாலும் அவர் வாசிக்க மாட்டார், அவரும் என்னைப் போலத்தான் என்றேன்.

நான் அங்கே வந்தபோது எனக்கு ஐம்பது வயது. சார்ஜாவில் ஒரு சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். சேற்றில் நடக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ கேட்க, உம் அல் குவைன் தாண்டி இருந்த அந்தக் கழிமுகத்துக்கு என்னை மாற்றினார்கள். சுற்றிலும் வெறும் மணல். நடுவில் அலையாத்தி மரங்கள், எங்கள் ஊரில் நிற்கிற அதே மரங்கள். முதல் நாள் அவற்றைப் பார்த்ததும் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல இருந்தது. சுற்றுலாவுக்காகப் புதிதாகத் திறந்த இடம். துபாயிலிருந்து வெள்ளைக்காரர்கள் வருவார்கள். சின்னப் படகுகளைத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும், வந்த பிறகு சேறு கழுவ வேண்டும், வாசலில் நிற்க வேண்டும். இதுதான் என் டூட்டி.

உங்களுக்கு அங்கே வாசல் என்று ஒன்றே கிடையாது. அந்த இடம் திறப்பதற்கு முன்பிருந்தே கடல் உள்வாங்கும் வற்றம் பார்த்து இறங்கி, கந்தூரா அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொழுந்துக் கிளைகளாக வெட்டி, படுக்கை விரிப்பில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவீர்கள். எல்லாம் ஸம்ஹாவுக்கு. அந்தக் கிழட்டு ஒட்டகத்துக்குக் கடைவாய்ப் பற்கள் கொட்டிவிட்டன. உங்கள் மகன் துபாயிலிருந்து அனுப்பிய புல் கட்டுகளை அது மென்று துப்பிவிடும். இந்த உப்பு இலை மட்டும்தான் அதன் வயிற்றுக்குள் போனது. மகன் அதை விற்றுவிடச் சொன்னதையும், யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்டதையும் ஒருநாள் சொல்லிச் சிரித்தீர்கள். வாங்குகிறவன் இறைச்சிக்குத்தான் வாங்குவான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

ஆறு மாதம் கழித்து ஒரு பலகை வந்தது. வற்றத்துக்கு வந்த நீங்கள் அதன் முன்னால் நின்றீர்கள். அரபியும் இந்தியும் பாதிப்பாதியாகக் கலந்த பேச்சுதான் நமக்குள் ஓடும். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டீர்கள்.

"மாஃபி மாலூம் பாபா" என்றேன். தெரியாது என்று அர்த்தம்.

உங்களுக்கும் மாஃபி மாலூம்தான். தாடியைத் தடவிக்கொண்டே, அப்படியானால் இது ஸம்ஹாவுக்கு எழுதியதாக இருக்கும், போய்க் கூட்டி வருகிறேன் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் அதில் என்ன இருக்கிறது என்று மேனேஜர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். இனி யாரும் இலை வெட்டக் கூடாது, வெட்ட விட்டால் உன் வேலை போகும் என்று சொல்லியிருந்தார். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வெட்டத்தானே கூடாது? உதிர்ந்து மிதந்த பழுத்த இலைகளை ஒரு சாக்கு நிறைய அரித்தெடுத்து, நல்ல தண்ணீரில் நான்கு முறை அலசி, உங்கள் கொட்டகைக்குக் கொண்டு வந்தேன். ஸம்ஹா முகர்ந்து பார்த்துவிட்டு என் சட்டையைத்தான் தின்னப் பார்த்தது. இலையில் இருக்கிற உப்புதான் அதற்குப் பிடிக்கும் என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தீர்கள். நான் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். முட்டாள் என்று அரபியில் எத்தனை வார்த்தைகள் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் ஸம்ஹாவின் பசி பொறுக்காமல் நீங்கள் இறங்கிவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் படகில் வந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர்களோ உங்களைச் சூழ்ந்து படம் எடுத்தார்கள். மரப்பாதையில் நின்று பார்த்த மேனேஜரின் முகம் மாறியது. அவர் மலையாளி. எங்கள் எல்லோருக்கும் அவர் வைத்த பெயர் அண்ணாச்சிதான்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லுங்க அண்ணாச்சி. கெஸ்ட் முன்னாடி வெட்டட்டும். வெட்டினதை அவரே கொண்டுபோகட்டும். ரெண்டு பேருக்கும் நல்லதல்லே?"

நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். வாரத்துக்கு ஒரு பெரிய கட்டு என்றால், ஈரச் சாக்கில் மூடி வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டீர்கள். முதல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நல்ல வற்றம். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று என்னைப் பார்த்தீர்கள். நான் தோளைக் குலுக்கினேன்.

கடல் தெரிந்த யாரும் செய்ய மாட்டாத தப்பு அது. ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வற்றம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஏற்றம். மேனேஜரிடம் சொன்னேன். "நோட்டீஸ்ல நாலு மணின்னு அடிச்சாச்சு. கடலுக்கு வேண்டி நோட்டீஸ மாத்தவா?" என்றார்.

நீங்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கினீர்கள். படத்தில் விழுவேன் என்று என்னை ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். நின்றேன். மூன்றாவது கிளையை எட்டிப் பிடித்தபோது கால் வழுக்கியது. கந்தூரா பூத்துத் தண்ணீர்மேல் பரவியது, உங்கள் தலையைக் காணவில்லை. அதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். நான் குதித்தேன். வேரைப் பற்றிக்கொண்டு மேலே வந்தீர்கள். இருமி முடித்ததும் முதலில் கேட்டது இலைக் கட்டைத்தான். அது மிதந்து வெகுதூரம் போயிருந்தது.

அன்று வந்திருந்த ஓர் அம்மாள் எங்கோ எழுதிப் போட்டாள். பாதுகாக்க வேண்டிய மரத்தை வெட்டுகிறார்கள், ஒரு முதியவரைத் தண்ணீரில் இறக்கி வேடிக்கை காட்டுகிறார்கள் என்று எழுதினாளாம். இரண்டும் உண்மைதான். அவள் தப்பாக எழுதினாள் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. வெட்டு நின்ற பிறகு சேற்றில் எத்தனை கன்றுகள் முளைத்தன என்பதையும் நான் பார்த்தேன். ஆனால் ஸம்ஹா என்ன தின்னும் என்று அவளுக்கு யார் சொல்வது? எனக்கு அவள் மொழி தெரியாது. எழுதவும் தெரியாது.

காட்சி நின்றது. தண்ணீர் விளிம்பு நெடுகக் கம்பி வேலி வந்தது. அதில் ஒரு கதவு, ஒரு பூட்டு. சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு காலை, நல்ல வற்றத்தில், நீங்கள் ஸம்ஹாவையே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அதன் திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. மேனேஜர் மேலே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கட்டு என்று விரலைக் காட்டினீர்கள். என் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. மகள் நர்சிங் முதல் வருடம்.

"மிஃப்தா மாஃபி பாபா" என்றேன். சாவி இல்லை, மேனேஜரிடம் இருக்கிறது என்றேன்.

ஸம்ஹாவுக்கு நம் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. அது கழுத்தை நீட்டி வேலிக்கு மேலாக ஒரு கிளையைப் பிடித்து இழுத்தது. ஒரு வாய், இரண்டு வாய். எத்தனை நாள் பசியோ, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. மேனேஜர் எழுந்து எட்டிப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். அடுத்த நொடி கயிற்றைச் சுற்றிப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தீர்கள். ஸம்ஹா கதறியது. வாயில் பாதி இலை தொங்கத் தொங்க அதைத் திருப்பினீர்கள்.

"இந்த பச்சா ஃபீ" என்றீர்கள் என்னிடம். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். என் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டு நடந்தீர்கள்.

ஸம்ஹா அந்த மாதமே போய்விட்டது என்று தண்ணீர் லாரி ஓட்டும் பட்டாணி பாய் சொன்னார். குளிர்காலம் முடிவதற்குள் நீங்களும் போய்விட்டதாக அவரே வந்து சொன்னார். நான் வேலையில் இன்னும் எட்டு வருடம் இருந்தேன். மகள் படித்து முடித்தாள். அவளுடைய சம்பாத்தியத்தில்தான் இன்றைக்குச் சோறு தின்கிறேன், இந்த நோட்டும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

எழுதக் கற்றுக்கொண்டதும் எதையெதையோ எழுதினேன். பேரப்பிள்ளைகள் பெயர், மளிகைச் சீட்டு, பேருந்தின் ஊர்ப்பெயர். இந்த ஒன்றை எழுதத்தான் ஒன்பது நாள் ஆகிறது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது பாபா. நீங்கள் என் தோளில் கை வைத்தபோது உங்கள் விரல்கள் பையின் மேலே பட்டன. சாவி அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.