தச்சர் நிற்க வேண்டிய இடம்

பெறுநர்: அலமாரி, கவுன்டர் வேலை செய்த தச்சர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள். நம் திருச்சபை அலுவலக விரிவாக்கப் பணி தேவ கிருபையால் நல்லபடியாக முடிந்து, கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பழைய ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடந்த பதிவேடுகளுக்கும், வெயிலில் காத்து நின்ற மனிதர்களுக்கும் இப்போது இடம் கிடைத்திருக்கிறது. இதில் தங்கள் உழைப்பை நன்றியுடன் நினைவுகூர்கிறோம். தங்களையும் தங்கள் குடும்பத்தாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அலுவலகச் செயலாளர்
(போதகருக்காக)

அன்புள்ள தம்பி,

முன்பக்கம் இருப்பது எல்லோருக்கும் போன கடிதம். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பெயின்டர், தினமும் டீ போட்டுக் கொடுத்த பெண்கள், மண் அள்ளிய வாலிபர்கள் என்று எல்லோருக்கும் பாஸ்டர் எழுதச் சொன்னார். டைப் அடித்தது நான். உன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். "தங்கள் குடும்பத்தாரையும்" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. உன் குடும்பத்தார் என்று நானும் உன் அத்தானும் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? என்னை நானே ஆசீர்வதித்துக் கையெழுத்தும் போட்டுக்கொள்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல. அதனால்தான் அதே தாளைத் திருப்பிப் போட்டுக் கையால் எழுதுகிறேன்.

நாங்கள் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ போனை எடுக்கவில்லை. எடுக்காததற்கு நான் கோபப்பட முடியாது, எந்த முகத்தோடு கோபப்படுவேன்? நீ இப்போது பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்து கொண்டிருப்பதாக மேஸ்திரி சொன்னார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, தெரியும்.

பழைய அலுவலகச் சுவரை இடித்த வாரம், தச்சு வேலைக்கு மேஸ்திரி கூட்டி வந்த ஆள் நீயாக இருப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கருவிப் பையோடு வாசலில் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். உன்னை மணிக்கூண்டுப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய், இங்கே யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், என்னை மேடம் என்றே கூப்பிடு என்றேன். நீ "சரிக்கா" என்றாய். நான் முறைத்ததும் "சரி மேடம்" என்று திருத்திக்கொண்டு மறுபடியும் சிரித்தாய். நீ சிரித்ததால், உனக்கு அது வலிக்கவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

என் பயம் உனக்குத் தெரியும். குடித்துவிட்டுப் போட்ட சண்டையில் ஒருவன் கையை உடைத்து நீ சிறைக்குப் போன சமயத்தில்தான் நான் இந்தச் சபையில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று பொருளாளர் மனைவி கேட்டாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் ஊருக்கே ஒலிபரப்பு. ரேடியோ என்று நீயே பெயர் வைத்தாயே, அவள்தான். தம்பி வெளிநாட்டில் இன்ஜினியர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது குளிர் நாடு என்றேன், வேலை அதிகம் என்றேன், அதனால்தான் வர முடியவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு போதவே போதாது.

அதனால் என்ன ஆயிற்று? நீ அலுவலக ஜன்னலுக்கு வெளியே பலகை இழைத்துக் கொண்டிருந்தாய். உள்ளே பெண்கள் ஜெபக் கூட்டத்தில், கடும் குளிரில் தனியாக வாடும் என் தம்பியின் சுகத்துக்காக ரேடியோ உருகி உருகி ஜெபித்தாள். இழைப்புளிச் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. கூட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும், வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "மேடம், உங்க தம்பிக்கு அங்க ரொம்பக் குளிராமே, ஸ்வெட்டர் ஏதாவது அனுப்பி வெச்சீங்களா" என்று கேட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்குப் போய் அத்தானிடம் சொன்னபோதும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவன் உன் பொய்யைத் தூக்கிச் சுமக்கறான், நீ சிரிக்கறே என்றார். ரொம்பத்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நம் சபையில் நன்றி சொல்ல மேடையும் கிடையாது, மாலையும் கிடையாது. யார் எதைச் செய்தார்களோ அவர்கள் அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சபையார் வரிசையாக வந்து கை குலுக்கிவிட்டுப் போவார்கள். கோயில் கட்டின காலத்திலிருந்தே இப்படித்தான். இதை மேஸ்திரி உனக்குச் சொன்னதும் நேராக என்னிடம் வந்து, "அப்போ நான் எங்க நிக்கணும் மேடம், அலமாரி பக்கமா, கவுன்டர் பக்கமா" என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரிக் கேட்டாய். நான் ஃபைலைப் புரட்டுவது போல் பாவனை செய்தேன். பிறகு வெள்ளிக்கிழமை உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்காதே என்றேன்.

காரணம் நீ கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன். உன் மூக்கும் என் மூக்கும் ஒரே அச்சு. வேலை நாட்களில் உன் முகமெல்லாம் மரத்தூள், தப்பித்தேன். குளித்து முடித்து நீ அந்த அறையில் நின்றால் குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, பாஸ்டர் ஜெபித்துக் கதவைத் திறந்தார். மேஸ்திரி சுவர் ஓரம் நின்றார். எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பலகை பக்கம் விறைப்பாக, போட்டோவுக்கு நிற்பது போல் நின்றார். பெயின்டர் எந்தச் சுவரில் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். உன் அலமாரிக்கும் கவுன்டருக்கும் பக்கத்தில் யாரும் இல்லை. கார்பென்டர் எங்கே என்று பாஸ்டர் கேட்டார். ஊரில் இல்லை என்று மேஸ்திரி தரையைப் பார்த்துச் சொன்னார். நீதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். இடம் காலியாக இருக்கக் கூடாது, வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள், அவர் சார்பில் நீங்கள் நில்லுங்கள் என்று பாஸ்டர் என்னிடம் சொன்னார்.

நான் போய் நின்றேன், தம்பி. உன் இடத்தில் போய் நின்றேன்.

அவர் சார்பில் என்ற வார்த்தை முன்னால் இருந்த சிலருக்குத்தான் கேட்டது. மற்றவர்கள் என்னிடம் என்ன அருமையான வேலை, எவ்வளவு பொறுமையாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள் என்றார்கள். ஒரு பெரியவர் அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடினார். சத்தமே வரவில்லை என்று என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். இன்னும் கேள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நன்றி, நன்றி என்று நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ரேடியோ வந்தாள். கவுன்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்க வீட்டுக்கும் ஒரு அலமாரி வேணும், இது யார் செஞ்சது, உங்களுக்குத் தெரிஞ்சவரா என்று கேட்டாள். யாரோ வெளியூர் ஆளுங்க, எனக்குத் தெரியாது என்றேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், அவளுக்கு அடுத்து வரிசையில் நீ.

அத்தான் கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாய். தலையை அழுத்தி வாரியிருந்தாய். நிற்கத்தான் வேண்டாம் என்று சொன்னாள், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நினைத்து வந்திருப்பாய். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. விழாமல் இருக்க வழியே இல்லை. நீ கையை நீட்டினாய். என் கை தானாக நீண்டது. "நல்லா வந்திருக்கு மேடம், நன்றி" என்றாய்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தில் அடிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் குரலில், மரியாதையாகச் சொன்னாய். உன் உள்ளங்கை மரம் மாதிரி இருந்தது. பிறகு அலமாரியை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தாய், வரிசையோடு நகர்ந்து போய்விட்டாய். தெரியாது என்று ஆண்டவரையே மறுதலித்த சீடனுக்குக் கூவிய சேவல் எனக்குக் கூவாததுதான் பாக்கி. வெளியே ஒலிபெருக்கியில், டீ தயாராக இருக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று பொருளாளர் அழைத்துக் கொண்டிருந்தார்.

ஒன்று சொல்லட்டுமா? யாரும் கண்டுபிடிக்கவில்லை. உன் மூக்கை யாரும் பார்க்கவில்லை. நான் பயந்ததெல்லாம் வெறும் நிழலுக்கு.

மறுநாள் புதுக் கவுன்டருக்குப் பின்னால் முதல் தடவையாக உட்கார்ந்தேன். நாற்காலி உயரம், என் கால் எந்த நாற்காலியிலும் தரையைத் தொடாது. தொங்கப் போட்ட கால் எதிலோ பட்டது. குனிந்து பார்த்தால், கவுன்டருக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில், சரிவாக ஒரு கால்பலகை. ஓரமெல்லாம் உருட்டித் தேய்த்திருக்கிறாய். வரைபடத்தில் அது கிடையாது. அளவு கேட்டு நீ என்னிடம் வரவும் இல்லை.

சின்ன வயதில் நான் மேசையில் உட்கார்ந்து படிக்கும்போது, கால் தொங்குகிறது என்று சிணுங்குவேன். நீ மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொள்வாய். உன் முதுகில் கால் வைத்துத்தான் நான் பரீட்சைக்கெல்லாம் படித்தேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தப் பலகையில் கால் வைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணச் சான்றிதழ் கேட்டு எதிரே நின்றவர்கள், மேடத்துக்கு உடம்பு சரியில்லை போல, நாளைக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார், மனசு லேசாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன், பொய் சொல்வானேன். அவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு, "இதை என்கிட்ட வந்து மெதுவா சொல்றீங்களேம்மா, நீங்க நின்னது எல்லார் முன்னாடியும்தானே" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் ஆறுதல் சொல்வதற்குப் பேர் போனவர்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலுவலகக் கதவை மறுபடியும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். நான் போய் நிற்பேன். போன வாரம் நின்ற இடத்தில் அல்ல, அது உன் இடம். அதை விட்டு ஓரடி தள்ளி நிற்பேன். வருகிறவர்களிடம், இதெல்லாம் செய்தது என் தம்பி, கூடப் பிறந்த தம்பி, அவன் வெளிநாடு போனதே இல்லை, நான் சொன்னது பொய் என்று சொல்வேன். முதலில் ரேடியோவைக் கூப்பிட்டுச் சொல்வேன். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். உன் சிறை வாசத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் பொய்க்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

வேலை போய்விடுமோ என்று பயம் இல்லாமல் இல்லை. போனால் போகட்டும் என்று வீராப்பாக எழுதலாம்; ஆனால் அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் கால்பலகையும். ஆனாலும் சொல்லாமல் அதில் கால் வைக்க மனசு வரவில்லை. இந்த வாரம் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எனக்காக வர வேண்டியதில்லை. வந்துதான் ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடத்தை யாருக்கும் விட மாட்டேன். ஆனால் வந்தால், வரிசையில் வராதே. நேராக உள்ளே வந்து உன் அலமாரி பக்கத்தில் நில். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. அத்தான் நீ வருவாய் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் நம்பிக்கையில் பாதிகூட எனக்கு இல்லை.

உன் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அந்தக் கைகளால் நீ எதைச் செய்திருந்தாலும், எதைச் செய்யப் போகிறாய் என்றாலும். குடிக்காமல் இரு. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவு பேர் நடுவிலும், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னை ஒரு தடவை கூப்பிடு. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான் இனிமேல் சொல்லித்தர மாட்டேன்.

உன்
அக்கா