காலியாக விட்ட பக்கம்

மே 24, வெள்ளி

மகள் ஐசுலுவின் பள்ளியில் இன்று 'கடைசி மணி' விழா, படிப்பு முடிகிறவர்களை வழியனுப்ப. நான் போகவில்லை. வெப்ப நிலையத்தில் கொதிகலன் சோதனை என்று சொல்லிவிட்டேன். சோதனை நாளைதான்.

நான் படித்ததும் அதே பள்ளி. வாசலில் பதக்கம் வாங்கியவர்களின் பலகை. 1988-க்கு நேரே ஒராஸ்பெக், என் வகுப்புக்காரன். சுரங்கத் தலைவரின் மகனுக்குத் தங்கம். எனக்கு வரலாற்றில் ஐந்துக்கு நான்கு. அந்த நான்கை யார் போடச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

மனைவி குல்யாஷ் மட்டும் போய்வந்தாள். முதல் வகுப்புக் குழந்தை ஒன்றைத் தோளில் வைத்து, மணியடித்தபடி மைதானத்தைச் சுற்றினார்களாம். மகள் அழுதாளாம்.

"கொதிகலன் சோதனை முடிஞ்சுதா?" என்றாள். "நீங்க வீட்டுல உட்கார்ந்தே கொதிக்கிற ஆளாச்சே."

மே 30

கஸக் மொழித் தேர்வில் ஐசுலுவுக்கு ஐந்து. பதினோரு வருடமாக அவள் ஒரு நான்குகூட வாங்கியதில்லை. இறுதித் தேர்வுகள் எல்லாவற்றிலும் ஐந்து வந்தால்தான் தங்கச் சின்னம். ஒன்று சறுக்கினாலும் போச்சு. எனக்குத் தெரியாதா?

ஜூன் 4

கணக்கில் நான்கு.

அதே நாள், மாலை

அவள் அழவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அஞ்சாவது கணக்கை முழுசாப் போட்டேன்ப்பா. பாதிதான் இருக்குன்னு மார்க்கைக் குறைச்சிருக்காங்க."

மேல்முறையீட்டுக்கு நாளை மதியம்வரை நேரம். அம்மாவோ அப்பாவோ கூட வர வேண்டும். குல்யாஷுக்கு மருத்துவமனையில் பணி. நான்தான். குழுத் தலைவர் யார் என்று கேட்டேன். ஐசுலு தரையைப் பார்த்தாள்.

"ஒராஸ்பெக் சார். வேணாம்ப்பா, நீங்க அவரைப் பார்த்தா சண்டை வரும். நாலே இருக்கட்டும்."

நாலே இருக்கட்டுமாம்! பதினோரு வருட உழைப்பை விட்டுக்கொடுக்கிறாள் — யாருக்குப் பயந்து? எனக்கு. சே, என்ன மனுஷன்டா நீ.

போகிறேன். அவனிடம் பேச வேண்டியதை எழுதி வைத்தேன். ஆறு பக்கம். முப்பத்தாறு வருடத்துக்கு அது குறைவுதான்.

ஜூன் 5

அவனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. முதலில் கண்ணில் பட்டது அதுதான், கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

"வா தெமிர், உட்காரு" என்றான், நேற்றுப் பார்த்தவன்போல.

மேஜைக்கு அடியில் ஐசுலு என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறு பக்கமும் சட்டைப் பையிலேயே இருந்தன.

விடைத்தாளை விரித்தார்கள். பள்ளி முத்திரை குத்திய கட்டம்போட்ட தாள். ஐந்தாவது கணக்கு முதல் பக்கத்தின் அடியில் பாதியில் நிற்கிறது. திருப்பினால் காலி.

"மிச்சம் எங்கம்மா?"

"முத்திரை மை இந்தப் பக்கம் ஊறியிருந்துச்சு, சார். தாள்ல கறை இருந்தா, யாரு எழுதினதுன்னு அடையாளம் வச்சதாச் சொல்லித் தள்ளிடுவாங்கன்னு வகுப்புல பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அதான் அதுல எழுதாம, அடுத்த பக்கத்துல…"

ஒராஸ்பெக் அடுத்த பக்கத்தைப் பார்த்தான். இருந்தது. கடைசி வரிவரை, விடையோடு. திருத்தியவர் காலிப் பக்கத்தைக் கண்டதும் மூடிவைத்துவிட்டார்.

அவ்வளவுதான். மூன்று பேர் கையெழுத்து. ஐந்து.

நடையில் என்னை நிறுத்தினான். "சட்டைப் பையில என்னடா, புடைச்சுக்கிட்டு?"

"மருந்துச் சீட்டு."

"இவ்வளவு தடியாவா? ரொம்ப நாள் வியாதி போல."

பையைக் கையால் மூடிக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனைவரை மகள் என் கையை விடவில்லை.

ஜூன் 6

ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

ஜூன் 12

பட்டமளிப்பு. போனேன்.

ஐசுலுவின் சட்டையில் சின்னத்தைக் குத்தியதும் குல்யாஷ் பையைத் திறந்து மிட்டாயை அள்ளி அள்ளி வீசினாள். அடுத்தவர் வீட்டு நல்லது நம் வீட்டுக்கும் வரட்டும் என்று மண்டபமே பாய்ந்தது. எந்தக் கல்யாணத்திலும் நான் இதற்காகக் குனிந்ததில்லை. இன்று, சொந்த வீட்டு மிட்டாய்க்கே, கோட்டும் டையுமாக மண்டிபோட்டிருந்தேன். நாற்காலிக்கு அடியில் ஒன்று கிடந்தது. கை வைத்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை. ஒராஸ்பெக்.

"விடுடா. பேரனுக்கு. செப்டம்பர்ல ஒண்ணாம் வகுப்பு போறான்."

"உன் வீட்டுக்கு வர வேண்டியதெல்லாம் வந்தாச்சு. நீ விடு."

இரண்டு கிழவர்கள் தரையில் இழுத்துக்கொண்டோம். ஐசுலு சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் ஜெயித்தேன்.

கிளம்பும்போது பேரனுக்கென்று ஒரு கைநிறைய மிட்டாய் கொடுத்தனுப்பினேன். அந்த ஒன்றை மட்டும் தரவில்லை. இப்போது வாயில் இருக்கிறது.