ஜெனரேற்றர் போட்டாச்சு

14.07.2004, புதன். ஊர்காவற்றுறை.

ஒரு வாரமாக மல்லுக்கட்டிய ஜெனரேற்றரை இன்று காலை ஒருவழியாகக் கடற்றொழிலாளர் சங்கத்துக் கணினியில் நிறுவினேன். மண்ணெண்ணெயில் ஓடுவதல்ல, தரவுத்தளத்துக்கான நிரலைத் தானே எழுதித் தரும் இலவச மென்பொருள். தரவு முழுவதும் நினைவகத்திலேயே இருப்பதால் வேகமோ வேகம். வன்வட்டில் சேமிக்கும் பகுதியைப் பின்னேரம் பார்க்கலாம் என்று விட்டேன்.

அந்தச் சந்தோஷப் புளுகத்தில், சங்கத்துக்கு மின்சாரம் தரும் மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பார்க்கும் யோசப் அண்ணையிடம், "ஜெனரேற்றர் போட்டாச்சு அண்ணை, இனிப் பிரச்சினை இல்லை" என்றேன்.

மதியம் எழுவைதீவிலிருந்து மேரி அக்கா வந்தார். கடலுக்குப் போன கணவர் இன்னும் திரும்பவில்லை. என்ன படகு, என்ன உடுப்பு, கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தேன். "இப்பிடி ஒருத்தரிட்டையும் சொல்லேல்லைத் தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் கணினி அணைந்தது. கட்டடத்தின் பின்பக்கம் ஓடினேன். யோசப் அண்ணை இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"புதுசு போட்டாச்செண்டு நீர்தானே சொன்னனீர்? அதுதான் பழசை நிப்பாட்டினனான்."

அவரில் பிழையில்லை. மேரி அக்கா சொன்னதெல்லாம் மின்சாரத்தோடு அழிந்துபோக, சேமிக்காமல் விட்டவன் நான்.

உடுப்பும் கடைசிச் சொல்லும் எனக்கு அப்படியே ஞாபகத்தில் இருக்கின்றன. படகின் இலக்கம்தான் வரவில்லை. அதைக் கேட்க நாளை எழுவைதீவுக்குப் போகவேண்டும். சங்கத்திலிருந்து ஆள் வருவதைக் கண்டால், மேரி அக்கா தன் கணவரைப் பற்றி ஏதோ தகவல் கிடைத்துவிட்டதென்று இறங்குதுறைக்கே ஓடி வருவாரே.