பூக்கட்டிப் பார்த்த கடன்

இன்று வெள்ளிக்கிழமை. பூக்காரப் பெண் கூடையை இறக்கிவைத்ததும் செவ்வரளியின் வாசம் லேசாக வீட்டுக்குள் வந்தது. அதே நேரத்தில் உங்கள் மகன் சாப்பாட்டு மேஜையில் நான்கு கிரெடிட் கார்டுகளைச் சீட்டுக்கட்டுபோலப் பரப்பிவைத்துக்கொண்டு, எதை முதலில் அடைப்பது என்று பெண்டாட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடனைப் பார்த்துச் சிரிக்கிற மாமியார் என்று மருமகள் நினைத்திருப்பாள். நான் சிரித்தது உங்களை நினைத்து. நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. என்னைச் சிரிக்கவைக்கிற வேலையை மட்டும் இன்னும் விடவில்லை.

நமக்கும் நான்குதான், ஞாபகம் இருக்கிறதா? ஐம்பதுகளின் கடைசி. உங்கள் தங்கை கல்யாணத்தை ஸ்ரீரங்கத்தில் ஜாம்ஜாமென்று நடத்தினோம். வந்தவர்கள் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டு வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். கடன் மட்டும் போகவில்லை. பெரிய கடை வீதி ஜவுளிக்கடையில் ஒன்று. உறையூரில் நம் தெருமுனை மளிகைக்கடையில் ஒன்று. உங்கள் லாரி ஆபீஸ் சிநேகிதர் கொடுத்த கைமாற்று ஒன்று. நான்காவது, மலைக்கோட்டை அடிவாரத்து அடகுக்கடையில் என் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி. முதல் சில மாதம் நால்வருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தோம். யாருக்கும் திருப்தி இல்லை, எந்தக் கடனும் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத்தான் அடைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எதை முதலில் என்பதில்தான் தினமும் சண்டை.

நீங்கள் சங்கிலி என்றீர்கள். வட்டி அங்கேதான் குட்டி போடுகிறது, இன்னும் ஒரு வருடம் விட்டால் நகை மூழ்கிவிடும் என்றீர்கள். நான் மற்ற மூன்றையும் முதலில் முடிக்கச் சொன்னேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மளிகைக்கடை நெருங்கியதும் சைக்கிளை விட்டு இறங்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே தாண்டிவிடுவீர்கள். திருச்சியிலேயே அவ்வளவு பரிசோதிக்கப்பட்ட டயர் வேறு இருந்திருக்காது. பெரிய கடை வீதிப் பக்கமே போகாமல், பாலக்கரை ஆபீசுக்கு ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போவீர்கள். கல்யாணமான புதிதில் தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வந்த மனிதர் நீங்கள். அந்த மணிச் சத்தம் நின்று போனது எனக்குத் தாங்கவில்லை.

"சங்கிலி அடகுக்கடைப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குங்க. நீங்கதான் தெருவுல தலையைக் குனிஞ்சுட்டுப் போறீங்க" என்றேன்.

"உங்கம்மா போட்டது அது ஒண்ணுதான். அது மூழ்கிட்டா உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றீர்கள்.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளரளி வந்தால் கடைக்காரர்களும் சிநேகிதரும், செவ்வரளி வந்தால் சங்கிலி. அம்மன் எதைக் காட்டுகிறாளோ அதுவே முடிவு. நீங்களும் சரியென்றீர்கள். எவ்வளவு நல்ல பிள்ளையாகச் சரியென்றீர்கள்!

இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வாழையிலைத் துண்டு இரண்டை எடுத்து, இரண்டிலும் வெள்ளரளியை வைத்தே நாரால் கட்டினேன். செவ்வரளியை விளக்கு மாடத்தில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பொட்டலங்களை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தீர்கள். அவ்வளவு பக்தியை உங்களிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

ஒன்றை எடுத்தீர்கள். நார் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தீர்கள். இலை விரிந்தது. உள்ளே சிவப்பு.

நான் வைத்தது வெள்ளை, வந்தது சிவப்பு. யாரிடம் கேட்பது? கேட்டால் என் திருட்டுத்தனமல்லவா வெளியே வரும்! அம்மனே கைநீட்டிப் பூவை மாற்றிவிட்டாள் என்று நம்பிவிட்டேன். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் தைரியம்கூட இல்லாமல், அப்படியே எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

சங்கிலிதான் முதலில் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் டயரைப் பார்க்கிற வேலையை அன்றோடு நிறுத்த வேண்டும் என்றேன். மற்ற மூன்று பேரிடமும் நேரில் போய், கடன் அடைக்கிற வரிசையில் அவரவர் முறை எத்தனாவது என்று சொல்லிவிட வேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். உங்களுக்கு முகம் வெளிறிப் போனது. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். மளிகைக்கடைக்காரர் நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு உருண்டை வெல்லத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதையும் கணக்கில் எழுதிக்கொண்டார் என்பது வேறு விஷயம். சிநேகிதர் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஜவுளிக்கடை முதலாளிதான் மூக்குக்கண்ணாடியை இறக்கி உங்களை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல கடன் வாங்கினவங்க ஒளிஞ்சுதான் பார்த்திருக்கேன். தேடி வந்து வரிசை சொன்னவரு நீங்கதான். நான் எத்தனாவது ஆளுங்க?"

"மூணாவதுங்க" என்றீர்கள்.

"நடுவுல யாரையும் நுழைய விட்டுடாதீங்க" என்றார். கடையே சிரித்தது. வெளியே வந்ததும் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஆள் குறுக்கே வந்தாலும் வராவிட்டாலும் கடைவீதி முழுக்க மணியடித்துக்கொண்டே போனீர்கள். அன்று ஒரு காசுகூட யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சங்கிலி மறு வருடம் தைக்கு முன்னாலேயே கழுத்துக்கு வந்தது. வட்டிக்குப் போன பணம் மிஞ்சியதால் மற்றவை மளமளவென்று கரைந்தன. நீங்கள் சொன்னதுதான் சரி. அப்போது நான் அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை, அம்மனிடம்தான் ஒப்புக்கொண்டேன். ஏமாற்றப் பார்த்ததற்கு அபராதமாக வெள்ளிதோறும் அவளுக்குச் செவ்வரளி வைத்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். வேண்டுதல் என்பேன். ஏழெட்டு வருடம் அந்தப் பூவை உறையூர்க் கடையிலிருந்து வாங்கிவந்தது நீங்கள்தான்.

பிறகு அந்த பஸ் பிரயாணம். பையன் மடியில் தூங்குகிறான், ஸ்ரீரங்கத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறோம். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது, கீழே இரு கரையும் தொட்டுத் தண்ணீர். எதிர் சீட்டு அம்மாள் மடியில் அரளிக் கூடை. எனக்கு என்ன தோன்றியதோ, உங்கள் காதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டிலும் வெள்ளை வைத்தேன், அம்மன் மாற்றிவிட்டாள், அதற்குத்தான் இந்த வெள்ளிக்கிழமைப் பூ என்று. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. கோபமாக்கும் என்று பயந்தேன்.

"நீ ரெண்டுலயும் வெள்ளை வச்சே. நான் ரெண்டுலயும் சிவப்பு வச்சேன்" என்றீர்கள். மாடத்தில் எண்ணெய் ஊற்றப் போனபோது ஒளித்த பூ கண்ணில் பட்டதாம். "முடிச்சைப் பார்த்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பே. அது எங்க ஆபீஸ் பார்சல் முடிச்சு. கட்டினவனுக்கே அவிழ்க்க வரலை."

ஏழெட்டு வருட அபராதம்! நான் சிரித்த சிரிப்பில் பையன் விழித்துக்கொண்டு அழ, கண்டக்டர் திரும்பிப் பார்க்க, கூடைக்கார அம்மாள் என்னமோ ஏதோவென்று எனக்கு ஒரு கொத்து அரளியை நீட்டினாள். வாங்கிக் கொண்டையில் வைத்துக்கொண்டேன். யாரும் கொண்டையில் அரளி வைப்பதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் எடுக்கவில்லை. என் கழுத்துச் சங்கிலிக்காக அம்மனையே ஏமாற்றிய மனிதரின் தோளில் சாய்ந்துகொண்டு ஸ்ரீரங்கம் வரைக்கும் போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊருக்கும் போனதில்லை.

வெள்ளிக்கிழமைப் பூவை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. இனிமேல் எதற்கு என்று நீங்களும் கேட்கவில்லை.

இன்று காலையில் சண்டை முற்றிப்போய், "நீங்களே சொல்லுங்க அத்தை" என்று மருமகள் என்னிடம் வந்தாள். எனக்கு வட்டியும் தெரியாது, கார்டும் தெரியாது. பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். உங்கள் மகன் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் மேஜையை விட்டு எழுந்து வந்தான். அவன் சொல்கிற கார்டுக்கு வெள்ளை, அவள் சொல்கிற கார்டுக்குச் சிவப்பு. இந்தத் தடவை நேர்மையாக ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்து, என் வழக்கமான சுருக்கு முடிச்சைப் போட்டு அம்மன் முன்னால் வைத்தேன். பிறகு பால் காய்ச்சப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் வேண்டுமென்றே கால்மணி நேரம் நின்றேன். காய்ந்த பாலையே மறுபடியும் காய்ச்சினேன்.

வந்து பார்த்தபோது இருவரும் ஆளுக்கொரு மூலையில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்கள். பொட்டலங்களைப் பார்த்தேன். இரண்டிலும் இருந்த முடிச்சு நான் போட்டதில்லை.