கீல் மாற்றிய கதவு

உ
சிவமயம்

குற்றாலம்,
19-11-1961

சிரஞ்சீவி மருமகள் குழல்வாய்மொழிக்கு, குற்றாலம் சீசன் பங்களாவின் காவலரும் மேனேஜரும் சமையல்காரரும், ஆளில்லாத மாதங்களில் மகாராஜாவுமாகிய உன் மாமா ஆவுடைநாயகம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சௌக்கியம். அவ்விடம் நீ சௌக்கியமில்லை என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பதில் எழுதுமுன் ஒரு கதை சொல்லப்போகிறேன். இதைப் பாளையங்கோட்டையில் மட்டுமல்ல, ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன். எவராவது நம்பினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். எனக்கு மீசை கிடையாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

சரஸ்வதி பூஜை லீவுக்கு வந்தபோது, பாளையங்கோட்டைத் தொழிற்பள்ளிப் பட்டறை வகுப்பில் நீயே அறுத்து, அராவி, துளை போட்ட ஒரு ஜோடி கீலைக் கொண்டுவந்து வாசல் கதவில் மாட்டிவிட்டுப் போனாய் அல்லவா? அந்தக் கதவு எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். திறந்தால் தென்காசி ஸ்டேஷனில் ரயில் வந்துவிட்டதென்று ஜனங்கள் மூட்டையைத் தூக்குவார்கள். அதற்கு நான் ஊற்றிய எண்ணெயில் ஒரு கல்யாணத்துக்கே பலகாரம் சுட்டிருக்கலாம். இப்போது திறந்தாலும் சத்தமில்லை, மூடினாலும் சத்தமில்லை.

செய்தி பரவிவிட்டது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆளுக்கு ஒரு தடவைதான் திறக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கிறேன். தென்காசி மொட்டைக் கோபுரம் எட்டிப் பார்க்க முயன்று, உயரம் பத்தாமல் வருத்தப்பட்டதாகக் கேள்வி. ஐந்தருவி நான்கருவியாகிவிட்டது. ஐந்தாவது, கதவைப் பார்க்க இங்கே வந்துவிட்டதால் முற்றத்தில் முழங்கால் தண்ணீர்.

குரங்குகள் வேறு தூது வந்தன. முன்பெல்லாம் நான் வெளியே வந்தால் கதவு கத்தும், அவை தேங்காயோடு மரமேறிவிடும். இப்போது திரும்பிப் பார்த்தால் நான் கம்போடு நிற்கிறேன். இது தர்மமா, பழைய கீலையே மாட்டும் என்று கிழட்டுக் கடுவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. மருமகள் ஊரில் இல்லை, மனுவைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டேன். வந்தால் கவனி.

இந்தக் கூட்டத்தில் உன்னை நினைக்க எனக்கு நேரமே இல்லை. உன் அறையில்கூட ஆள் படுத்திருக்கிறது.

இனி வருவது கதையில்லை. போன புதன்கிழமை உன் அம்மாவும் அப்பாவும் வடகரையிலிருந்து வந்தார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். உன் அப்பா என் முதுகுக்குப் பின்னால் வந்து இருமிய பிறகுதான் ஆள் வந்ததே தெரிந்தது. கதவ மாத்திட்டியளோ என்று கேட்டார். கதவு அதேதான், கீல்தான் உங்க மக செஞ்சது என்றேன். மனுஷன் திரும்பிப் போய், மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, திறந்தும் மூடியும் பார்த்தார்.

உன் அம்மாதான் ஆரம்பித்தாள். ஏ அண்ணாச்சி, தையல் படிக்கச் சொன்னா இரும்புதான் வேணும்னு போனா, இப்ப அவ கை மம்பட்டிக் காம்பு மாதிரி ஆயிட்டு, பொண்ணு கேக்குற பண்பொழிக்காரங்க கையப் பாத்தா என்ன சொல்லுவாங்க என்று ஒரு பாட்டம் அழுதாள். மாப்பிள்ளைக்கு நெல் மிஷின் இருக்குதாம். மிஷின் நின்னுபோனா நம்ம பிள்ளைதான் ரிப்பேர் பாப்பா, நல்ல சம்பந்தம்தான் என்றேன். அதற்குமேல் உன் அம்மா கலந்து தந்த காப்பியில் எனக்குச் சர்க்கரை விழவில்லை.

போகும்போது வாசலில் நின்று உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நானா அவ படிப்ப நிறுத்த மாட்டேன் மச்சான், அவளா வேண்டாம்னு வந்து நின்னா அன்னைக்கே பண்பொழிக்கு ஆள் அனுப்பிருவேன் என்றார். உன் அப்பா கைலாசம் சொன்னால் சொன்னதுதான்.

நீ எழுதியதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அத்தனை பயல்களுக்கு நடுவில் நீ ஒருத்தி, அரத்தை ஒளித்துவைக்கிறார்கள், ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மத்தியானச் சோற்றை வேப்பமரத்தடியில் தனியாகத் தின்கிறாய். இந்த மாதம் முழுக்க வாத்தியார் உனக்கு இரும்பைக் கவ்வும் வைஸ் தராமல், சாமான் அலமாரிச் சாவியைக் கொடுத்து நிற்கவைத்திருக்கிறார். மாமா வந்து கூட்டிட்டுப் போங்க என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மை கலங்கியிருந்தது. இங்கே சாரல் அடித்ததால் கலங்கியது என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே இந்தச் சமஸ்தானத்தின் உத்தரவு: நான் வந்து கூட்டிக்கொண்டு வரமாட்டேன். இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலையில் ஒலி முகம்மது வாத்தியாரிடம் நேரே போ. சாவியை மேஜையில் வை. எனக்கும் ஒரு வைஸ் வேணும் சார் என்று கேள். இல்லை என்றால் மறுநாளும் கேள். அதுவும் நடக்காவிட்டால் எனக்கு எழுது, குரங்குகளோடு புறப்பட்டு வருகிறேன். பயல்கள் பேசாவிட்டால் போகட்டும். இங்கே சீசன் முடிந்து கடைகளுக்குப் பலகை போட்டாயிற்று, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் இரண்டு நாளாகப் பால்காரனிடம் போதும் என்று சொன்னதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. மேலே எழுதிய கூட்டம் ஞாபகமில்லாமல் இதை எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

பொங்கல் லீவுக்கு வா. திரும்பிப் போவதற்கென்று வா.

கதையில் ஒரே ஒரு சின்ன இடம் நிஜம். கதவு சத்தம் போடுவதில்லை. முன்பு சாயங்காலம் அது கத்தினால் நீ தென்காசிப் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாய் என்று அர்த்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போது யார் வந்தாலும் தெரிவதில்லை. அதனால் அடிக்கொரு தரம் வாசலை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை அவ்வளவு சுத்தம், குறை சொல்ல இடமில்லை.

உன் பேர் கொண்ட அம்மன் உனக்குத் துணையிருப்பாள். வரும்போது மட்டும், கதவைத் தள்ளுமுன் வாசலில் நின்று மாமா என்று ஒரு சத்தம் கொடு.

இப்படிக்கு,
உன் மாமா
ஆவுடைநாயகம்