பெட்டிக்குக் கட்டிய துணி

4 மே 2007, வெள்ளி

அக்னி ஆரம்பம். காலை பத்து மணிக்கே தரை சுடுகிறது. ராயபுரத்தில் காற்று அடித்தால் ஹார்பர் நிலக்கரியின் கரித்தூள், அடிக்காவிட்டால் வேக்காடு. எது தேவலை என்று இத்தனை வருஷமாகியும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. பன்னிரண்டு நிமிட ஃபைல், பத்தாவது நிமிடத்தில். சேமித்து வைக்கவில்லை. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. தூக்கித் தெருவில் போடலாம் போல் இருந்தது.

கம்பெனி மேடம் போனில்: "செல்வி, பதினெட்டாம் தேதியோட ட்ரையல் முடியுது. இன்னொரு ஃபைல் லேட்டானா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. வீட்டிலிருந்தே. இது நிரந்தரமானால்தான் அம்பத்தூர் பக்கம் வீடு மாற்றும் பேச்சையே எடுக்க முடியும். தீபாவுக்கு ஆறு வயது. மாதம் இரண்டு தடவை வீசிங். இந்தக் காற்று ஆகாது, இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

இவருக்கு ஹார்பரில் வேலை. பதில் எப்போதும் ஒன்றுதான். "நானும் இங்கதான் பொறந்தேன். எனக்கு இன்னா ஆயிட்ச்சி?" தினம் காலையில் இருமுவது சிகரெட்டால் என்கிறார். சிகரெட்டை விட்டு நாலு வருஷம்.

காஸ் புக் பண்ண மறந்தேன்.

5 மே, சனி

கம்ப்யூட்டர் ரிப்பேர் சலீம் பாய் வந்தார். கேபினெட் பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு. கரித்தூள் உள்ளே போகக்கூடாது என்று போன வருஷம் ஓட்டை ஒன்று விடாமல் பிரவுன் டேப் ஒட்டியிருந்தேன். ஜன்னல் இடுக்கில் துணி அடைக்கிறோமே, அந்தப் பழக்கம்.

"இன்னாம்மா, மூக்க வாய கட்டி வச்சிகினு ஓடு ஓடுன்னா எப்டி ஓடும்? உள்ள எழுவத்தெட்டு டிகிரி கீது."

கேபினெட்டும் சின்னது. மேசைக்கு அடியில் அடங்க வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் நான்தான்.

டேப்பைப் பிய்த்தார். முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி மாட்டினார். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றும், சத்தமும் இருக்காதாம். அதற்கு இந்தப் பெட்டியில் இடம் இல்லை. சின்னது வேகமாகச் சுற்றினால்தான் காற்று. மிக்ஸி பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வது போல் இருக்கிறது. ஹெட்போனில் டாக்டர் சொல்வது பாதிதான் கேட்கிறது.

7 மே, திங்கள்

இரண்டு விசிறி போட்டும் அணைந்தது. சலீம் பாய் போனை எடுக்கவில்லை.

வெறுப்பில் ஒரு ஊதுபத்தி கொளுத்தி முன்னால் பிடித்தேன். புகை உள்ளே போனது. பின்னால் பிடித்தேன். அங்கேயும் உள்ளே. அடப்பாவி மனுஷா, இரண்டையும் உள்ளே ஊதும்படி மாட்டியிருக்கிறார். சூடு வெளியே போக வழியே இல்லை.

நானே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து இரண்டையும் திருப்பினேன். இரண்டும் வெளியே. ஸ்க்ரீனில் பார்த்தால் 62 டிகிரி. இவர் சாப்பிட்டுக்கொண்டே, "மெக்கானிக் ஆயிட்டியா?" நல்லாத்தான் இருந்தது கேட்க.

மீன் வாங்கவில்லை. முட்டைக் குழம்பு.

9 மே, புதன்

இரண்டு நாளாக அணையவில்லை. சந்தேகத்தில் மூடியைத் திறந்தேன். உள்ளே அடுப்புக்கரி பூசிய மாதிரி. இரண்டு விசிறியும் வெளியே இழுத்தால், இருக்கிற ஓட்டை எல்லாவற்றிலும் கரிக்காற்று உள்ளே வரத்தானே செய்யும். இது கூடவா தோன்றவில்லை எனக்கு.

மதியம் தீபாவுக்கு மூச்சிரைப்பு. கிளினிக்கில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை. இரண்டு மணி நேரம். ஃபைல் இருபது நிமிடம் லேட். "இதான் கடைசி" என்றார் மேடம்.

பிள்ளை மாஸ்க்கோடு மடியில் கிடக்கிறது, நான் விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

10 மே, வியாழன்

முடிவு: முன்னால் வேகமான விசிறி, உள்ளே. பின்னால் இருப்பதை வேகம் குறைத்து, வெளியே. வருவது அதிகம், போவது குறைவு. மிச்சக் காற்று இடுக்கு வழியாக வெளியே தள்ளும், தூள் நுழையாது. முன்பக்கம் மட்டும் வடிகட்டத் துணி.

இவர் பனியன்: காற்றே போகவில்லை. 74.
கொசுவலை: தூள் தாராளமாகப் போகிறது.
என் பழைய நைலக்ஸ் புடவை, இரண்டு மடிப்பு: 63. இதுவே போதும்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். வெள்ளைப் புடவை, ஓரத்தில் நீலப் பூ. பெட்டிக்குப் பாவாடை என்கிறாள் தீபா.

14 மே, திங்கள்

அணையவில்லை. எல்லா ஃபைலும் நேரத்துக்கு. இன்று மட்டும் ஒன்பது பேருக்கு "வீசிங் இல்லை, நுரையீரல் சுத்தம்" என்று அடித்தேன். எல்லாம் அமெரிக்காவில். எரிச்சலாக வந்தது.

18 மே, வெள்ளி

மேடம் போன். ஜூன் ஒன்றிலிருந்து நிரந்தரம். போனை வைத்துவிட்டு அழுதேன்.

இவரிடம் சொன்னேன், அம்பத்தூரையும் சேர்த்து. "வேல கெட்ச்சா சந்தோசம். அதுக்கு எதுக்கு வூட்ட மாத்தணும்? இங்க இருக்கறவங்கல்லாம் மனுசங்க இல்லியா?" சோறு போட்டு வைத்துவிட்டு, துவைக்கலாம் என்று பெட்டித் துணியை அவிழ்த்தேன்.

நீலப் பூவைக் காணோம். வெள்ளையும் இல்லை. விரலால் தொட்டால் விரல் கறுப்பு.

துவைக்கவில்லை. கொண்டுபோய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். "சாப்புட்ற எடத்துல இன்னா கலீஜு இது?" என்றார்.

"கம்ப்யூட்டர்ல கட்டியிருந்த துணி."

"எத்தினி மாசத்துது?"

"எட்டு நாள்."

சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. துணியைப் பார்த்தார். பாயில் தூங்கும் தீபாவைப் பார்த்தார், அவள் மூச்சு இங்கே வரைக்கும் கேட்கிறது.

"அம்பத்தூர்லேர்ந்து காலைல ஹார்பருக்கு எத்தினி மணிக்கு மொத பஸ்ஸு?" என்றார்.