மூச்சும் மூச்சு விடுதலும்

ஜூலை 3, வியாழன்
விடியற்காலையிலிருந்து மழை. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் இன்று பால்வெட்டு இல்லை, என் வீட்டுக்காரர் வீட்டில்தான். எனக்கு விடுப்பு.
லண்டன் நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு 19ஆம் தேதி. எழுத்துப் பகுதியில் இரண்டு முறை தோற்றாயிற்று. இதுதான் கடைசி. ஆன்லைன் டீச்சர் திருத்தி அனுப்பிய என் பயிற்சிக் கடிதத்தில் ஏழு சிவப்பு வட்டம். நான்கு ஒரே தவறு: ‘ப்ரெத்’ வர வேண்டிய இடத்தில் ‘ப்ரீத்’. பதினான்கு வருஷ நர்ஸ். வெட்கம்.
வாங்க: பயறு, தீப்பெட்டி, கோடு போட்ட நோட்டு.

ஜூலை 5, சனி
டீச்சர் சொன்னது, மறக்காமலிருக்க: ப்ரெத் = மூச்சு, பெயர்ச்சொல். ப்ரீத் = மூச்சு விடு, வினைச்சொல். கடைசியில் ‘இ’ (e) என்ற எழுத்து சேர்ந்தால் வினை.
வார்டில் கடியப்பட்டணத்துக்காரர் ஒருவர், ஆஸ்துமா. ஆழமாக மூச்சு விடச் சொன்னேன்.
“மூச்சு இருந்தால்லா விடதுக்கு, சிஸ்டர்.”
டீச்சரை விடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நெபுலைசர் வைத்த பிறகு சிரித்தார்.

ஜூலை 8, செவ்வாய்
தலைவலி. சாயங்காலம் அவர்தான் எனக்குப் பரீட்சை வைத்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு, வாக்கியம் புரியாது. டீச்சர் தந்த விடைகளோடு ஒப்பிட்டு, ‘இ’ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இருபதில் பதினெட்டு சரி. ஆனாலும் முகம் வாடிக் கிடந்தது.
என்னவென்று கேட்டேன். தாளையே பார்த்துக்கொண்டு, “பாஸானா நெசமாவே போயிருவியா?” என்றார்.
போனால் மூன்று வருஷம். வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, “அடுத்தத எழுதுட்டி.”

ஜூலை 19, சனி
திருவனந்தபுரம். தேர்வு முடிந்தது. மூச்சுத் திணறல் நோயாளியைப் பற்றியே கடிதம். அந்த இரண்டு சொல்லும் ஐந்து இடத்தில். ஐந்தும் சரியென்றே தோன்றுகிறது. அவர் வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்
பாஸ்.
போனில் காட்டினேன். “நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. எனக்குச் சமையலே ஓடவில்லை.
நாலு மணிக்கு வந்தார். சக்கரம் வைத்த பெரிய பெட்டியைச் சேறு படாமல் தலையில் சுமந்துகொண்டு.
“இதவிடச் சின்னதும் இருந்துது. கம்பளி உடுப்பெல்லாம் கொள்ளணும்லா.”